இத்தாலிய ஒயினை ருசிப்பது எப்படி? சிவப்பு, வெள்ளை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒயின் பழக்கமே இல்லாதவர்களைப் பழக்குவதற்காக இதை எழுதவில்லை. இத்தாலிய பாட்டில் ஒன்றைத் திறந்து ஒரு வாய் குடித்துவிட்டு "இது என்ன இப்படி இருக்கிறது" என்று விழித்தவர்களும், வேலைக்கோ படிப்புக்கோ அந்த நாட்டுக்குப் போய் உணவகத்தின் ஒயின் பட்டியலைப் பார்த்துத் திகைத்தவர்களும் திரும்பத் திரும்பக் கேட்பவற்றுக்கான பதில்கள் இவை.

இத்தாலிய ஒயின் ஏன் இவ்வளவு புளிக்கிறது, துவர்க்கிறது? நல்ல ஒயின் கொஞ்சமாவது இனிக்க வேண்டாமா?

வேண்டாம். திராட்சையில் இருந்த சர்க்கரை அநேகமாக முழுவதையும் ஈஸ்ட் தின்று ஆல்கஹாலாக்கிவிடுகிறது. மிஞ்சுவது புளிப்பு, துவர்ப்பு, மணம். ஆஸ்திரேலிய, சிலி ஒயின்களில் ஆரம்பித்தவர்களுக்கு, பழம் முன்னால் வந்து நிற்கும் அந்த வழவழப்பு இதில் இல்லையே என்று தோன்றும். இல்லைதான். இத்தாலியர்கள் ஒயினைச் சாப்பாட்டு மேசைக்காகச் செய்கிறார்கள். எண்ணெயும் கொழுப்பும் உப்பும் உள்ள தட்டுக்குப் பக்கத்தில்தான் அதற்கு இடம். தனியாகக் குடித்துவிட்டு அதைக் குறை சொல்வதில் நியாயமில்லை.

ஒரு சின்ன சோதனை. மத்திய இத்தாலியின் டஸ்கனி மண்டலத்துச் சிவப்பான கியாந்தி கிளாசிகோவில் இளமையானதை ஒரு வாய் குடியுங்கள். ஈறு உலரும், கன்னத்தின் உட்பக்கம் இழுத்துப் பிடிக்கும். பிறகு பார்மிஜானோ பாலாடைக்கட்டியில் ஒரு துண்டை நன்றாக மென்று, வாயில் அது கொஞ்சம் இருக்கும்போதே இன்னொரு வாய் குடியுங்கள். இழுப்பு பாதியாகக் குறைந்திருக்கும், பழத்தின் மணம் மேலே வந்திருக்கும். திராட்சையின் தோலிலிருந்தும் விதையிலிருந்தும் வருகிற டானின் என்ற துவர்ப்புப் பொருள் எச்சிலில் உள்ள புரதத்தைப் பிடித்துக்கொள்வதால்தான் வாய் வறள்கிறது. பாலாடைக்கட்டியின் புரதமும் கொழுப்பும் இருந்தால் டானின் அவற்றோடு போய்ச் சேர்ந்துவிடும், உங்கள் எச்சில் தப்பித்துக்கொள்ளும். புளிப்போ கொழுப்பை வழித்து வாயை அடுத்த கவளத்துக்குத் தயார் செய்கிறது. இந்த ஒரு சோதனையைச் செய்து பார்த்தவர் கீழே உள்ளவற்றில் பாதியைப் படிக்காமலே விடலாம்.

ருசி பார்ப்பது என்றால் சரியாக என்ன செய்ய வேண்டும்?

கிளாஸில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஊற்றாதீர்கள். வெள்ளைத் தாள் ஒன்றின் மேல் சாய்த்துப் பிடித்து ஓரத்து நிறத்தைப் பாருங்கள். இளம் சிவப்பு ஒயினுக்கு ஓரம் ஊதாவாகவோ மாணிக்கச் சிவப்பாகவோ இருக்கும். வயதாக வயதாகச் செங்கல் நிறத்துக்கு மாறும். வெள்ளை ஒயின் எதிர்த்திசையில் போகும்: இளமையில் பச்சை கலந்த மஞ்சள், பின்னர் பொன்னிறம்.

ஆட்டாமல் ஒரு தடவை முகருங்கள், சுழற்றிவிட்டு இன்னொரு தடவை. இரண்டுக்கும் வித்தியாசம் இருக்கும். அப்புறம் ஒரு தேக்கரண்டி அளவு வாயில் எடுத்து, ஈறு வரை எல்லாப் பக்கமும் படும்படி உருட்டுங்கள். உதட்டைக் குவித்துக் கொஞ்சம் காற்றை உள்ளே இழுத்தால் மணம் தொண்டை வழியாக மூக்குக்கு ஏறும். "ருசி" என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி இப்படி மூக்குக்குப் பின்வழியாகப் போகும் மணம்தான். ஜலதோஷம் பிடித்த நாளில் ஒயின் வெறும் புளித்தண்ணீராக இருப்பது அதனால்.

கடைசியாக, விழுங்கியபின்னோ துப்பியபின்னோ சுவை எவ்வளவு நேரம் நிற்கிறது என்று கவனியுங்கள். நிறமும் விலையும் உங்களை ஏமாற்றலாம், இது ஏமாற்றாது. சில நொடிகளில் மறைந்துவிட்டால் சாதாரண ஒயின்.

துப்புவது அநாகரிகம் இல்லையா?

ருசி பார்க்கும் கூடங்களில் அதற்கென்றே வாளி வைத்திருப்பார்கள். பத்து ஒயின்களை விழுங்கியவர் பதினோராவதைப் பற்றிச் சொல்வதை யாரும் நம்ப வேண்டியதில்லை.

"செர்ரி, வயலட், புகையிலை" என்றெல்லாம் எழுதுகிறார்கள். எனக்கு அப்படி எதுவும் வருவதில்லையே?

வராது. புளிப்பு செர்ரியை மரத்தடியில் தின்று வளர்ந்தவருக்கு அது வரும். உங்களுக்கு நாவற்பழம், கோகம், காய்ந்த ரோஜா இதழ், தேயிலைத் தூள், வெல்லப்பாகு, மழைக்கு முந்தின மண், புதுச் செருப்பின் தோல் என்று வந்தால் அதையே எழுதிக்கொள்ளுங்கள். குறிப்பு உங்கள் நினைவுக்காக. அடுத்தவர் பட்டியலை மனப்பாடம் செய்வதால் பயனில்லை.

ஆனால் எல்லாமே கற்பனை என்று தள்ளிவிடவும் முடியாது. வடகிழக்கில் ஃபிரியூலியில் விளையும் ஸ்கியோப்பெத்தீனோ என்ற கறுப்புத் திராட்சையின் ஒயினில் மிளகு மணக்கும். மிளகுக்கு அதன் மணத்தைத் தருகிற ரோட்டண்டோன் என்ற அதே பொருள் அந்தத் திராட்சையின் தோலிலும் இருக்கிறது. இன்னொன்றும் உண்டு: சுமார் ஐந்தில் ஒருவருக்கு ரோட்டண்டோன் மணமே எட்டாது. ஒரே கிளாஸை முகர்ந்துவிட்டு இரண்டு பேர் சண்டை போடும்போது இரண்டு பேரும் சரியாகவே இருக்கலாம்.

பரோலோவுக்கு ஏன் இத்தனை புகழ்? குடித்தால் வாயைக் கட்டுகிறதே?

பரோலோ வடமேற்கில் பியமோந்தே மண்டலத்து லாங்கே குன்றுகளிலிருந்து வருகிறது. ஆல்பா நகரத்தை ஒட்டிய 11 ஊர்களுக்குள், நெப்பியோலோ என்ற ஒரே திராட்சையிலிருந்து மட்டும். அறுவடைக்குப் பிறகு குறைந்தது 38 மாதம் வைத்திருந்துதான் விற்கலாம், அதில் 18 மாதம் மரப் பீப்பாயில். ரிசர்வா என்றால் 62 மாதம். பக்கத்து ஊர்க்காரரான பார்பரெஸ்கோவும் நெப்பியோலோதான். அதற்கு 26 மாதம் போதும்.

கிளாஸில் பார்த்தால் ஏமாற்றும். அவ்வளவு வலிமையான ஒயின் என்றால் கருஞ்சிவப்பாக இருக்கும் என்று எதிர்பார்ப்போம். இதுவோ அடியில் வைத்த விரல் தெரிகிற அளவுக்கு வெளிர், ஓரத்தில் ஆரஞ்சு. முகர்ந்தால் ரோஜா, கூடவே தார், கொஞ்ச நேரம் கழித்துக் காய்ந்த மூலிகை. "இவ்வளவு மென்மையா" என்று வாயில் ஊற்றியதும் டானின் வந்து ஈறைப் பிடிக்கும். மணத்துக்கும் பிடிக்கும் உள்ள இந்த முரண்தான் நெப்பியோலோ. அது பிடித்துப்போனவர்களுக்கு மற்ற சிவப்பு ஒயின்கள் கொஞ்சம் தட்டையாகத் தெரிய ஆரம்பிக்கும். நானும் அந்தக் கட்சி.

பரோலோவுக்குள்ளேயே மண் மாறினால் ஒயினும் மாறும். லா மோர்ரா ஊர்ப் பக்கத்து ஒயின் மணமும் மென்மையும் கூடியதாகச் சீக்கிரம் வழிக்கு வரும். செர்ரலுங்கா தல்பா பக்கத்தது இறுகி நின்று பத்து வருடம் கேட்கும். செய்முறையிலும் ஒரு பெரிய சண்டை நடந்தது. 1980களில் இளைய தலைமுறை, தோலைச் சாற்றில் ஊறவிடும் நாட்களைக் குறைத்து, பாரிக் எனப்படும் சிறிய பிரெஞ்சு ஓக் பீப்பாய்க்கு மாறியது. வனிலா மணமும் சீக்கிரம் குடிக்கத் தோதான பதமும் வந்தன. பெரியவர்கள் தங்கள் ராட்சதப் பீப்பாய்களை விடவில்லை. பார்த்தோலோ மஸ்கரெல்லோ என்ற மூத்த தயாரிப்பாளர் "பாரிக்கும் வேண்டாம், பெர்லுஸ்கோனியும் வேண்டாம்" என்று லேபிளிலேயே எழுதி விற்றார் (பெர்லுஸ்கோனி இத்தாலியின் பிரதமராக இருந்த அரசியல்வாதி). இன்று இரண்டு பக்கமும் நடுவில் வந்து நிற்கிறார்கள். எனக்குப் பெரிய பீப்பாய்தான் பிடிக்கும், ரோஜா அதில் மூழ்குவதில்லை.

பரோலோ விலை கட்டாது என்றால் "லாங்கே நெப்பியோலோ" என்று போட்ட பாட்டிலைத் தேடுங்கள். அதே திராட்சை, வயது குறைவு, விலையும் குறைவு. அதே குன்றுகளின் பார்பேரா திராட்சை ஒயினில் டானின் அதிகமில்லை, புளிப்பு தூக்கலாக இருக்கும். தொல்சேத்தோ அங்கே வாரநாள் சாப்பாட்டுக்கான ஒயின்.

கியாந்தி மலிவு ஒயின்தானே? வைக்கோல் சுற்றிய பாட்டிலில் வருமே?

அந்த வைக்கோல் குடுவை அதற்குப் புகழையும் கொடுத்தது, பெயரையும் கெடுத்தது. கதையைக் கொஞ்சம் விரிவாகச் சொன்னால்தான் இன்றைய லேபிள்கள் புரியும்.

டஸ்கனியின் ஆட்சியாளர் மூன்றாம் கோசிமோ 1716லேயே கியாந்தியின் எல்லையை அரசாணையால் வரையறுத்தார். 19ஆம் நூற்றாண்டில் அந்தப் பகுதிப் பிரபு பெத்தினோ ரிகாசோலி சான்ஜோவேசே திராட்சையை முதுகெலும்பாக வைத்து ஒரு கலவையை வகுத்தார். சீக்கிரம் குடிக்கும் ஒயினுக்கு மட்டும் கொஞ்சம் வெள்ளைத் திராட்சையைச் சேர்க்கச் சொன்னார். 1967இல் அரசு விதிகளை எழுதியபோது அந்த வெள்ளைத் திராட்சை கட்டாயமாகிவிட்டது. விளைவு: வெளிறிய, நீர்த்த ஒயின் லாரி லாரியாக ஏற்றுமதியானது.

தரமாகச் செய்ய நினைத்தவர்கள் விதியை விட்டு வெளியேறினார்கள். ஒயின் தயாரிக்கும் அந்தினோரி குடும்பம் 1971 அறுவடையில் தின்யனெல்லோ என்ற ஒயினைக் கொண்டுவந்தது. அதற்கு முன்பே கடலோரத்தில் போல்கெரிக்குப் பக்கத்தில் கபர்னே சாவிஞோன் திராட்சையில் செய்த சஸ்ஸிகாயா 1968 அறுவடையோடு சந்தைக்கு வந்திருந்தது. விதிக்குள் வராததால் இவற்றை "மேசை ஒயின்" என்ற கடைசிப் படியில்தான் விற்க முடிந்தது. நாட்டிலேயே விலை உயர்ந்த ஒயின்களில் சில, மிகத் தாழ்ந்த முத்திரையோடு. "சூப்பர் டஸ்கன்" என்று கேள்விப்படுவது இவைதான். கியாந்தி கிளாசிகோ தன் விதியை மெல்லத் திருத்தியது. 2006 அறுவடையிலிருந்து வெள்ளைத் திராட்சைக்குத் தடை. இப்போது குறைந்தது 80 சதவீதம் சான்ஜோவேசே இருக்க வேண்டும்.

எனவே கடையில் கழுத்தில் கறுப்புச் சேவல் முத்திரை உள்ளதை எடுங்கள். அதுதான் பழைய மையப்பகுதியான கியாந்தி கிளாசிகோ. வெறும் "கியாந்தி" என்றால் சுற்றியுள்ள பெரிய பரப்பு. நல்லதில் புளிப்பு செர்ரியும் தேயிலையும் காய்ந்த மூலிகையும் இருக்கும். தக்காளிக் குழம்பு ஊற்றிய எந்தப் பாஸ்தாவுக்கும் இதற்கு மேல் ஜோடி இல்லை, ஏனென்றால் தக்காளியின் புளிப்புக்கு முன்னால் மற்ற ஒயின்கள் தளர்ந்துவிடும்.

புருனெல்லோவும் அதே திராட்சைதானா?

ஆம், முழுக்க சான்ஜோவேசே. புருனெல்லோ செய்யும் மொந்தால்சினோ ஊர் கியாந்தியைவிடத் தெற்கே, வெயிலும் உலர்ச்சியும் அதிகம், அதனால் ஒயினுக்கு உடம்பு கூடுதல். அறுவடைக்குப் பின் ஐந்தாவது வருடத்தின் ஜனவரியில்தான் விற்பனைக்கு வரும். காத்திருக்கவும் செலவழிக்கவும் மனமில்லையென்றால் அதே ஊரின் ரோஸ்ஸோ தி மொந்தால்சினோ இருக்கிறது.

அமரோனே மட்டும் ஏன் மண்டைக்கு ஏறுகிறது?

வெரோனா நகரத்துக்கு வடக்கே, அமரோனே செய்யும் வல்போலிசெல்லா பகுதியில், கொர்வீனா போன்ற திராட்சைக் குலைகளைப் பறித்ததும் பிழிவதில்லை. காற்றோட்டமான கொட்டகையில் தட்டுகளில் பரப்பி மூன்று நான்கு மாதம் உலர்த்துகிறார்கள். எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நீராகப் போய்விடும், சர்க்கரை செறிந்துவிடும். அது நொதித்து முடியும்போது ஆல்கஹால் 15, 16 சதவீதத்தைத் தொடும். குடித்தால் உலர்ந்த அத்தி, கோகோ, ஒரு இனிப்பு மயக்கம், முடிவில் கசப்பு.

கணக்கு போட்டுப் பாருங்கள்: 15.5 சதவீத அமரோனே 150 மில்லியில் ஏறக்குறைய 18 கிராம் ஆல்கஹால் இருக்கிறது. அதே அளவு மொஸ்காத்தோ தஸ்தி என்ற இலகுவான இனிப்பு ஒயினில் 6, 7 கிராம்தான். அமரோனேவைச் சாப்பாட்டுக்குப் பிறகு பழுத்த பாலாடைக்கட்டியோடு சின்ன கிளாஸில் வைத்துக்கொள்வது உத்தமம். அமரோனே பிழிந்த சக்கையின் மேல் அந்தப் பகுதியின் சாதாரண வல்போலிசெல்லா ஒயினை ஊற்றி மறுபடி நொதிக்க வைத்தால் ரிபாஸ்ஸோ. விலைக்கு அது நல்ல பேரம்.

வெள்ளை ஒயின் என்றால் பினோ கிரிஜோ மட்டும்தான் தெரியும். வேறு என்ன இருக்கிறது?

ஏராளமாக. சொல்லப்போனால் இத்தாலி சிவப்புக்கான நாடு என்ற பேச்சை நம்பி வெள்ளையைத் தவறவிடுபவர்கள்தான் அதிகம். அவற்றில் மணம் கிளாஸுக்கு வெளியே பாய்ந்து வராது. அடக்கமாக எலுமிச்சை, பச்சை ஆப்பிள், ஈரக் கல். வாயில் வைத்தபிறகுதான் விஷயம் ஆரம்பிக்கும்: புளிப்பு, கொஞ்சம் உப்புத்தன்மை, விழுங்கியதும் பச்சை வாதாம் பருப்பின் கசப்பு. அந்தக் கசப்பைக் குறை என்று நினைத்துப் பாட்டிலைத் திருப்பித் தராதீர்கள். காப்பியிலும் கீரையிலும் கசப்பை விரும்பிச் சாப்பிடுகிற நாடு அது.

சொவாவே: வெரோனாவுக்குக் கிழக்கே, கர்கானெகா திராட்சை. சமவெளியில் விளைந்த சொவாவே ஒரு காலத்தில் உலகம் முழுக்க மலிவாகக் கொட்டப்பட்டதால் பெயர் கெட்டது. எரிமலைப் பாறை அதிகமுள்ள பழைய மையப்பகுதிக் குன்றுகளில் விளைவதற்கு "சொவாவே கிளாசிகோ" என்று பெயர். அந்த ஒரு சொல் லேபிளில் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

வெர்திக்கியோ: மத்திய இத்தாலியின் கிழக்குக் கரையில் மார்க்கே மண்டலம். மலிவு, கெட்டி, பல வருடம் தாங்கும். வறுத்த மீனுக்கு நான் முதலில் எடுப்பது இதைத்தான்.

கம்பானியாவில், நேப்பிள்ஸுக்கு உள்நாட்டில், அவெல்லினோ மலைப்பகுதியில் ஃபியானோவும் கிரேக்கோவும். வெயில் நிறைந்த தெற்கில் இருந்தாலும் உயரத்தால் குளிர் உண்டு, அறுவடை அக்டோபர் வரை நீளும். ஃபியானோ இளமையில் அமைதியாக இருந்துவிட்டு ஐந்தாறு வருடத்தில் தேனும் ஹேசல் பருப்பும் புகையுமாக மாறும். வெள்ளை ஒயினுக்கு வயது ஆகாது என்பவர்களுக்கு இதைக் கொடுங்கள்.

சிசிலியில் எட்னா எரிமலைச் சரிவில் கரிகாந்தே. கத்திபோன்ற புளிப்பு. கிழக்குச் சரிவில் மிலோ ஊரில் விளைவதுதான் உச்சம். அதே மலையின் சிவப்பு நெரெல்லோ மஸ்கலேசே, நெப்பியோலோ போலவே வெளிர் நிறம், பிடி அதிகம்.

சார்டீனியாவின் வெர்மெந்தினோ, பியமோந்தேயின் கோர்த்தேசே திராட்சையில் செய்யும் காவி, இவையும் கடல் உணவுக்குச் சரி. பினோ கிரிஜோவையும் ஒதுக்க வேண்டாம்; ஆல்த்தோ ஆதிஜே மலைப்பகுதியில் செய்ததை ஒரு தடவை வாங்கிப் பார்த்தால் விமான நிலைய பாட்டிலுக்கும் இதற்கும் உறவே இல்லை என்று தெரியும்.

ஆரஞ்சு ஒயின் என்பது ஆரஞ்சுப் பழத்தில் செய்வதா?

இல்லை. வெள்ளைத் திராட்சையை, சிவப்புக்குச் செய்வதுபோல, தோலோடு ஊறவைத்து நொதிக்க விட்டால் நிறமும் துவர்ப்பும் ஏறும். ஸ்லோவேனிய எல்லையை ஒட்டிய ஃபிரியூலிதான் இத்தாலியில் இதற்குத் தலைநகர். யோஷ்கோ கிராவ்னர் என்ற தயாரிப்பாளர் 2001 முதல் ஜார்ஜியா நாட்டிலிருந்து வரவழைத்த பெரிய மண்தாழிகளை நிலத்தில் புதைத்து ரிபொல்லா ஜல்லா திராட்சையை மாதக்கணக்கில் ஊறவைக்கிறார். ரொம்பச் சில்லென்று கொடுத்தால் வெறும் கசப்பு. 14, 15 டிகிரியில் குடியுங்கள்.

லேபிளில் உள்ள டி.ஓ.சி., டி.ஓ.சி.ஜி. என்ன? ஜி. இருந்தால் நல்ல ஒயினா?

எந்த ஊர், எந்தத் திராட்சை, எத்தனை மாதம் என்ற விதிகளுக்கு உட்பட்டது என்று பொருள். டி.ஓ.சி. சட்டம் 1963இல் வந்தது. அதற்கு மேலான டி.ஓ.சி.ஜி. 1980இல் முதலில் வழங்கப்பட்டது, இப்போது 75க்கு மேல் இருக்கின்றன. பாட்டில் கழுத்தில் எண்ணிட்ட அரசு முத்திரைத் துண்டு ஒட்டியிருக்கும். ஐ.ஜி.டி. என்பது விதி தளர்ந்த பிரிவு. சூப்பர் டஸ்கன்களில் பல அதில்தான்.

விதி பூர்வீகத்துக்குச் சான்று, ருசிக்கு இல்லை. ஆகவே தயாரிப்பாளரின் பெயரைக் குறித்து வைத்துக்கொள்வதுதான் அதிகம் உதவும். "கிளாசிகோ" என்றால் அந்தப் பெயரின் பழைய மையப்பகுதி. "ரிசர்வா" என்றால் கூடுதல் காலம் வைத்தது. "சுப்பெரியோரே" என்றால் பெரும்பாலும் ஆல்கஹால் கொஞ்சம் கூடுதல்.

மொந்தெபுல்சானோ ஊரா, திராட்சையா?

இரண்டும். டஸ்கனியில் அந்தப் பெயரில் ஓர் ஊர். அங்கே செய்யும் வீனோ நொபிலே என்ற ஒயின் பெரும்பாலும் சான்ஜோவேசேயால் ஆனது. அப்ருத்ஸோ மண்டலத்தில் அந்தப் பெயரில் ஒரு திராட்சை. கருஞ்சிவப்பு, குடிக்க எளிது, விலை பாதி. ஒன்றுக்கொன்று தொடர்பில்லை.

சிவப்பு ஒயினை அறை வெப்பநிலையில்தானே குடிக்க வேண்டும்?

எந்த அறை என்பதுதான் கேள்வி. அந்தப் பேச்சு ஐரோப்பாவின் பழைய கல் வீடுகளில் பிறந்தது. 16 முதல் 18 டிகிரி. சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ 32 டிகிரி அறையில் ஊற்றினால் ஆல்கஹால்தான் முதலில் மூக்கில் ஏறும். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஃபிரிட்ஜில் வையுங்கள், அல்லது ஐஸும் தண்ணீரும் கலந்த வாளியில் கால் மணி நேரம். தொல்சேத்தோ, சாதாரண வல்போலிசெல்லா போன்ற இலகுவான சிவப்புகளுக்கு 14 டிகிரி. வெள்ளைக்கு 8 முதல் 12. நல்ல ஃபியானோவை 6 டிகிரியில் உறையவைத்துக் குடித்தால் காசு வீண், மணமே எழாது.

வாங்கும்போதும் வெப்பத்தைக் கவனியுங்கள். கடை ஜன்னல் வெயிலில் நின்ற பாட்டிலில் தக்கை மேலே எழும்பியிருக்கும், அல்லது மூடித் தாளுக்கு அடியில் ஒட்டும் பிசுக்கு இருக்கும். தொடாதீர்கள்.

என்ன கிளாஸ்? சில்வர் டம்ளரில் குடிக்கக் கூடாதா?

நிறம் தெரியாது, மணம் கலைந்துவிடும். வாய் குறுகிய, காம்பு உள்ள சாதாரணக் கண்ணாடி கிளாஸ் போதும். சிவப்புக்கொன்று வெள்ளைக்கொன்று என்று வாங்க வேண்டியதில்லை. காம்பைப் பிடியுங்கள், கிண்ணத்தைப் பிடித்தால் கைச்சூடு ஏறும். இத்தாலியில் சில இடங்களில் பரிமாறுபவர் கொஞ்சம் ஒயினை ஊற்றிக் கிளாஸை அலசி, அதையே அடுத்த கிளாஸுக்கு மாற்றி அலசுவார். சோப்பு, அலமாரி வாடை போவதற்காக.

உணவகத்தில் எனக்கு மட்டும் கொஞ்சம் ஊற்றிவிட்டு நிற்கிறாரே, என்ன சொல்ல வேண்டும்?

"பிடித்திருக்கிறதா" என்று அவர் கேட்கவில்லை, "கெட்டிருக்கிறதா" என்று கேட்கிறார். முகர்ந்தாலே போதும். நனைந்த அட்டைப்பெட்டி, பூசணம் பிடித்த சாக்கு வாடை வந்தால் தக்கை மூலம் டி.சி.ஏ. என்ற பொருள் இறங்கியிருக்கிறது. லிட்டருக்கு ஒரு சில நானோகிராம் இருந்தாலே மூக்கு கண்டுபிடித்துவிடும். குடித்தால் ஆபத்தில்லை, ஆனால் பழ மணம் அத்தனையும் செத்திருக்கும். கூச்சப்படாமல் சொல்லுங்கள், நல்ல இடத்தில் வேறு பாட்டில் கொண்டுவருவார்கள். "எனக்குப் புளிப்பு அதிகமாகத் தெரிகிறது" என்பதற்காகத் திருப்பி அனுப்ப முடியாது.

அடியில் கசடு தங்கியிருக்கிறது. கெட்டுவிட்டதா?

இல்லை. பழைய சிவப்பில் நிறமும் டானினும் சேர்ந்து படிந்து வண்டலாகும். ஒரு நாள் முன்பே பாட்டிலை நிமிர்த்தி வைத்து, ஆட்டாமல் வேறு குடுவைக்கு மாற்றி, கடைசி இரண்டு விரல் அளவை விட்டுவிடுங்கள். வெள்ளையில் சர்க்கரைத் துகள்போல மின்னுவது டார்ட்டாரிக் அமிலத்தின் உப்பு. புளியிலும் அதே அமிலம்தான் இருக்கிறது.

நம் காரமான சாப்பாட்டோடு எது சேரும்?

பரோலோ, அமரோனே இரண்டும் வேண்டவே வேண்டாம். மிளகாய்க் காரம் ஆல்கஹாலின் எரிச்சலையும் டானினின் பிடியையும் பெருக்கிவிடும். ஆல்கஹால் குறைவாக, துளி இனிப்போடு, நுரை இருந்தால் இன்னும் நல்லது. எமிலியா பகுதியின் லம்புருஸ்கோ, குளிரவைத்துக் குடிக்கிற நுரைச் சிவப்பு. அதில் "அமாபிலே" என்று போட்டிருந்தால் கொஞ்சம் இனிக்கும். கோழி வறுவலுக்கு அது பொருந்துகிற அளவுக்கு வேறெதுவும் பொருந்தி நான் பார்த்ததில்லை. தேங்காய்ப்பால் சேர்த்த மீனுக்கு ஆல்த்தோ ஆதிஜேயின் கெவுர்ஸ்திராமினர். நுரையில்லாத சிவப்புதான் வேண்டும் என்பவர்கள் சிசிலியின் ஃபிரப்பாத்தோவைச் சில்லென்று எடுக்கலாம்.

சங்க காலத்திலேயே இத்தாலிய ஒயின் இங்கே வந்தது என்பது உண்மையா?

வந்தது. புதுச்சேரிக்கு அருகில் அரிக்கமேட்டில் கிடைத்த இருபுறப் பிடிச் சாடித் துண்டுகளில் கம்பானியாவின் எரிமலை மணல் கலந்த களிமண்ணால் ஆனவையும் உண்டு. கிரேக்கத் தீவுகளிலிருந்து வந்தவையும் உண்டு. புறநானூற்றின் 56ஆம் பாடலில் நக்கீரர், யவனர் நல்ல கலங்களில் கொண்டுவந்த குளிர்ந்த மணமுள்ள தேறலைப் பொற்கலத்தில் பெண்கள் ஊற்றிக் கொடுக்கக் குடித்து மகிழ்ந்திரு என்று பாண்டியன் நன்மாறனை வாழ்த்துகிறார். ரோமானியர் ஒயினில் தண்ணீர் கலந்தார்கள், சில வேளை தேனும் மசாலாவும் சேர்த்தார்கள்; இன்று அதே கம்பானியாவிலிருந்து வரும் ஃபியானோவை வைத்து நன்மாறன் குடித்ததை ஊகிக்க முடியாது.

சிவப்பு ஒயின் குடித்தால் தலைவலிக்கிறது. சல்ஃபைட்டா? இதயத்துக்கு நல்லது என்றும் சொல்கிறார்களே?

ஐரோப்பிய விதிப்படி லிட்டருக்கு 10 மில்லிகிராமுக்கு மேல் சல்ஃபைட் (ஒயின் கெடாமலிருக்கச் சேர்க்கும் பொருள்) இருந்தால் லேபிளில் சொல்ல வேண்டும். இனிப்பில்லாத சிவப்புக்கு உச்சவரம்பு 150 மில்லிகிராம், வெள்ளைக்கு 200. வெள்ளையில்தான் அதிகம். வெள்ளை குடித்தால் வலிக்காமல் சிவப்புக்கு மட்டும் வலித்தால் காரணம் வேறு எங்கோ இருக்கிறது. ஆல்கஹால் சதவீதத்தைப் பாருங்கள், ஒரு கிளாஸுக்கு ஒரு கிளாஸ் தண்ணீர் குடியுங்கள்.

இதயத்துக்காகக் குடிக்கிறேன் என்று யாரும் சொல்ல வேண்டாம். ஆல்கஹாலில் பாதுகாப்பான அளவு என்று ஒன்றில்லை என உலக சுகாதார நிறுவனம் 2023இல் தெளிவாகச் சொல்லிவிட்டது. கர்ப்பிணிகள், மருந்து எடுப்பவர்கள், வண்டி ஓட்டுபவர்கள் தொடக் கூடாது. இத்தாலியில் ரத்தத்தில் லிட்டருக்கு அரை கிராம்தான் வரம்பு; உரிமம் எடுத்து மூன்று வருடம் ஆகாதவர்கள் துளிகூடக் குடித்துவிட்டு ஓட்டக் கூடாது.

ஒயின் சைவமா?

எப்போதும் இல்லை. கலங்கலைத் தெளியவைக்க முட்டை வெள்ளைக்கரு, பால் புரதம், மீன் பசை பயன்படுத்தும் வழக்கம் உண்டு. பிறகு அவற்றை வடித்துவிடுகிறார்கள், ஆனாலும் சிலருக்கு மனம் ஒப்பாது. களிமண்ணால் தெளியவைப்பவர்களும், தெளியவைக்காமலே அடைப்பவர்களும் இருக்கிறார்கள். முட்டையும் பாலும் எச்சமாக இருந்தால் ஐரோப்பாவில் லேபிளில் போட்டாக வேண்டும். 2023 டிசம்பருக்குப் பின் செய்த ஒயின்களில் சேர்மானப் பட்டியலும் கட்டாயம்; பெரும்பாலும் கியூஆர் குறியீட்டுக்குள் இருக்கும். நிச்சயம் வேண்டுமென்றால் "வேகன்" முத்திரை.

வீட்டில் நான்கைந்து பேர் சேர்ந்து ருசி பார்க்க என்ன வாங்கலாம்?

நான்கு பாட்டில்: சொவாவே கிளாசிகோ, ஃபியானோ தி அவெல்லினோ, கியாந்தி கிளாசிகோ, லாங்கே நெப்பியோலோ. இந்த வரிசையிலேயே ஊற்றுங்கள். இலகுவானது முன்னால், இறுக்கமானது பின்னால். ஆளுக்கு ஒவ்வொன்றிலும் 50 மில்லி போதும். முதல் சுற்று வெறுமனே. குறிப்பு எழுதி முடிக்கும்வரை யாரும் வாய் திறக்கக் கூடாது, ஒருவர் "ரோஜா" என்றால் எல்லோருக்கும் ரோஜா வந்துவிடும். இரண்டாவது சுற்றுக்கு மேசையில் பார்மிஜானோ, ஆலிவ் எண்ணெய் தோய்த்த ரொட்டி, தக்காளிக் குழம்பு ஊற்றிய பாஸ்தா. முதல் சுற்றில் கடைசி இடம் பிடித்தது பெரும்பாலும் இரண்டாவது சுற்றில் மேலே வரும். அன்று நறுமணத் தைலம், ஊதுபத்தி, மல்லிகைப்பூ மூன்றும் அறைக்கு வெளியே.

மிச்சமான ஒயினை என்ன செய்வது?

தக்கையைத் திருப்பி அடைத்து, சிவப்போ வெள்ளையோ ஃபிரிட்ஜில் நிறுத்தி வையுங்கள். வெள்ளை இரண்டு மூன்று நாள் தாங்கும். இளம் நெப்பியோலோ மறுநாள் இன்னும் நன்றாகவே இருப்பதுண்டு. பியமோந்தேயில் மாட்டிறைச்சியை பரோலோவில் மணிக்கணக்கில் வேகவைப்பார்கள். வீட்டில் அதற்கு பார்பேராவே போதும். ஆனால் காடி வாடை வந்துவிட்டால் சமையலிலும் போடாதீர்கள், வெந்தாலும் அது போகாது.